எப்போதும் பேசுவான்

கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்த சுனில்டா, ஒரே ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டாள். அதுவும் தாளில் அச்சடித்த கேள்வி இல்லை. மிர்தா பேச்சோடு பேச்சாகக் கேட்டது.

மிர்தா வாரத்துக்கு ஒருமுறை தலைநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில் மேசை போட்டுப் பிள்ளைகளின் மனநலம் பார்க்கிறவள். டாக்டர் இல்லை. ஆனாலும் ஊரே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு வெளியே போனால் ஊமையாகிவிடுகிற பிள்ளைகளுக்கென்று அவளிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. பெற்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். டீச்சரிடம் பேசுவானா, கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் பேசுவானா, கடைக்காரரிடம், சொந்தக்காரர்களிடம், வீட்டில் அம்மாவிடம் பேசுவானா. ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை என்று கட்டங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்விகள் முழுக்க 'ஒருபோதும் இல்லை' என்று போயின. ஆறு வயது தெர்லிஸ் வகுப்பில் வாயைத் திறந்ததே கிடையாது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராமல், நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு வருவான். கடையிலும் அப்படித்தான், சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான். வீடு என்று வந்தபோதுதான் சுனில்டாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எப்போதும்னு போடுங்க டாக்டரம்மா. மதியம் நான் தையல் மெஷின்ல உக்காந்தா போதும், என்ன தைக்கிறீங்க, யாருக்கு, ஏன் நீலம்னு உயிரை எடுத்துருவான்."

"அப்பாடா," என்றாள் மிர்தா. "வீட்ல பேசறான்னா பேச்சு உள்ள இருக்கு, வெளிய கொண்டு வர்றது என் பாடு. வீட்லயும் பேசலைன்னாதான் கஷ்டம். அப்புறம் சிறப்புப் பள்ளிக்குத்தான் எழுதணும். தலைநகர்லயே தங்கிப் படிக்கிற மாதிரி இருக்கும்." பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டாள். "நேத்து சாப்பிடறப்ப என்ன பேசினான்? ஒரு உதாரணத்துக்குச் சொல்லுங்களேன்."

சுனில்டா வாயைத் திறந்தாள். நேற்று மரவள்ளிக்கிழங்கும் முட்டையும் வைத்தாள். கிழங்கின் நாரை அவன் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தது நினைவிருந்தது. பேசியது நினைவில்லை. முந்தின நாளும் இல்லை. குளிக்கும்போது, தலை சீவும்போது, தூங்கப் போகும்போது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். எங்கேயும் அவன் உதடு அசையவில்லை. அவன் பேசிக் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில்தான். அவள் மெஷினில் இருப்பாள், சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முற்றத்திலிருந்து குரல் வரும்.

சாமான் அறைக்கு வெளியே பெஞ்சில் தெர்லிஸ் உட்கார்ந்திருந்தான். பல் விழுந்த ஓட்டையை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டும் விழுந்து வெகு நாளாகிறது. முன்பல் இல்லாத பிள்ளை பேசினால் ஊடே காற்று ஓடும். நேற்று ஜன்னலில் கேட்ட குரலில் காற்று ஓடவில்லை.

"களைப்பா இருப்பான்ல, சாப்பிடறப்ப பேச மாட்டான்," என்றாள் சுனில்டா. சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"பரவால்ல. அடுத்த வாரம் நான் வர்றப்ப, அவன் வீட்ல பேசறதை போன்ல பதிஞ்சு கொண்டு வாங்க. அது போதும்."

வீட்டுக்குத் திரும்புகிற செம்மண் பாதையில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பயம் இன்னும் வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் துணி அலசினால் விரல்கள் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே ஏதோ மரத்துக்கொண்டு வந்தது. புருஷன் எல்லைக்கு அப்பால் புவனோஸ் அயர்ஸில் கட்டட வேலைக்குப் போனதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். தைப்பாள், சமைப்பாள், தூங்குவாள். பிள்ளை பேசுகிறான் என்கிற ஒன்றுதான் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

எதிர்வீட்டு பிளாசிதா வாசலில் நாற்காலி போட்டு, குவளையில் குளிர்ந்த தெரெரே மூலிகைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தெர்லிஸின் ஞானத்தாய் அவள். அவனைக் கண்டதும் குவளையை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தெர்லிஸ் வழக்கம்போல இரண்டு கையையும் கூப்பி நீட்டினான். 'ஆசீர்வாதம் குடுங்க' என்று வாய்விட்டுக் கேட்டால்தானே ஆசீர்வாதம்? அவன் கேட்கவில்லை.

"கை மட்டும் வருது, வாய் வரலை," என்றாள் பிளாசிதா. "நானும் இவன் ஞானஸ்நானத்துல மெழுகுவர்த்தி பிடிச்சவதான்டி. சாகறதுக்குள்ள இவன் வாயால ஒரு ஆசீர்வாதம் கேட்டுட்டா போதும், நிம்மதியாக் கண்ணை மூடுவேன். இவன் அப்பன் பேசாத பேச்சா? அவன் பேச்சை நம்பித்தானே நீ கட்டிக்கிட்ட."

"பேசுவான்க்கா," என்றாள் சுனில்டா.

மறுநாள் மதியம். ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிற நேரம். நாய்கள் கூட மாமர நிழலில் செத்தது போலக் கிடந்தன. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டொக் டொக்கென்று சத்தம் போட்டது. விழுந்து அழுகிய மாம்பழத்தின் புளித்த வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் கலந்து அறைக்குள் நின்றன. வெப்பம் வராமலிருக்க ஜன்னலின் மரக்கதவைச் சாத்தியிருந்தாள், எப்போதும் போல. இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும். உள்ளறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். இத்தனை நாளும் அந்தத் திரை தொங்கிக்கொண்டிருக்கும். தூங்கச் சொன்ன பிள்ளை பின்வழியாக நழுவி முற்றத்துக்கு ஓடிவிடுகிறான், அங்கே நின்று ஜன்னல் வழியாக வாயடிக்கிறான் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். திருட்டுப் பயல் என்று உள்ளூரப் பெருமை வேறு.

இன்று திரையை ஒதுக்கி ஆணியில் மாட்டினாள். கட்டிலில் தெர்லிஸ் ஒருக்களித்துப் படுத்திருப்பது மெஷினிலிருந்தே தெரிந்தது. போனைப் பதிவில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு தைக்கத் தொடங்கினாள். கால் மிதித்தது. ஊசி ஓடியது. யாரோ ஒருத்தியின் பாவாடை, நீலம்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே சருகு நொறுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. இடுக்கிலிருந்த வெளிச்சக் கோடு அணைந்தது.

"அம்மா. இன்னிக்கும் நீலமா?"

தெளிவான, இனிமையான குரல். காற்று ஓடாத குரல். சுனில்டா ஜன்னலைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தாள். தெர்லிஸ் தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உள்ளங்கைகளையும் வாயில் வைத்து, நகம் கன்னத்தில் பதிய அழுத்திப் பிடித்திருந்தான். ஒரு மூச்சு கூட வெளியே போய்விடக் கூடாது என்பது போல.

அந்தப் பிடியில் பதற்றம் இல்லை. பழக்கம் இருந்தது. ஒவ்வொரு மதியமும், அந்தத் திரைக்குப் பின்னால், அவன் இப்படித்தான் கிடந்திருக்கிறான்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது ராசா," என்றாள் சுனில்டா. பழக்கதோஷம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. கால் நிற்கவில்லை. மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதனால் மிதித்தாள்.

"உள்ள வரட்டுமாம்மா?"

அதுவும் பழைய கேள்விதான். தினமும் கேட்கிற கேள்வி. தரை ஈரமா இருக்கு, ஆள் வந்திருக்காங்க, கொஞ்ச நேரம் விளையாடு என்று தினமும் ஒரு சாக்குச் சொல்லுவாள், தூங்காமல் ஓடிப்போனதற்குத் தண்டனையாக. தன் வீட்டுக்குள் வர ஒரு பிள்ளை ஏன் உத்தரவு கேட்க வேண்டும் என்று ஒருநாளாவது யோசித்தாளா? யோசிக்கவில்லை.

"தரை ஈரமா இருக்கு. கொஞ்சம் பொறு."

"எப்பப் பார்த்தாலும் பொறு பொறுன்னே சொல்றீங்க."

சருகு நொறுங்கியது. வெளிச்சக் கோடு திரும்ப வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் தெர்லிஸ் வாயிலிருந்து கையை எடுத்தான். கன்னத்தில் நகக்குறிகள் பிறை பிறையாகச் சிவந்திருந்தன. அவள் போய்ப் பக்கத்தில் படுத்து அவனைக் கட்டிக்கொண்டாள். எப்போதிலிருந்து என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. கேட்கவில்லை.

ஆனால் எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியும். அவனுக்கு நாலு வயது நடந்த கோடையில், இதே போல ஒரு மதியம், வீட்டுக்கு வருகிறவர்கள் தட்டிக் கூப்பிடுவது போல கேட்டில் கைதட்டல் கேட்டது. இந்த நேரத்தில் யாரும் யார் வீட்டு வாசலிலும் நின்று கை தட்ட மாட்டார்கள். தட்டினால் அது மனுஷர் இல்லை, பதில் சொல்லக் கூடாது என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவள் ஒரு அவசரத் தையலில் இருந்தாள். துணி கொடுத்தவள் வந்துவிட்டாள் என்று எண்ணி, தலையைத் தூக்காமல், "யாரு?" என்று கேட்டாள். "நான்தாம்மா," என்று வந்தது மகன் குரல். "நீயா? சரி, அங்கயே விளையாடு," என்றாள்.

அதன் பிறகு வீட்டுக்குள் அவன் பேசியதாக அவளுக்கு ஒரு நினைவும் இல்லை.

அடுத்த வாரம் மிர்தா வந்தாள். பதிவைக் கொடுக்காமலிருக்கலாம். கொடுக்காவிட்டால் வீட்டிலும் பேசாத பிள்ளை என்று எழுதுவார்கள். தெர்லிஸை பஸ்ஸில் ஏற்றி, தெரியாத ஊரில், தெரியாத கட்டிலில் தனியாகப் படுக்க வைப்பார்கள். அங்கே மதியம் கைதட்டல் கேட்டால்? யாராவது பதில் சொன்னால்? இங்கேயாவது பக்கத்தில் அவள் இருக்கிறாள். சுனில்டா போனை நீட்டினாள்.

மிர்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "என்ன அழகான குரல், என்ன தெளிவு," என்றாள். எப்போதும் என்ற கட்டத்தில் போட்டிருந்த குறியின் மேல் இன்னொரு தடவை அழுத்திக் குறி போட்டாள். "இதை நான் வகுப்புல போட்டுக் காட்டறேன். மத்தப் பிள்ளைங்க முதல்ல அவன் குரலைக் கேட்டுட்டாங்கன்னா அவனுக்குக் கூச்சம் போயிரும். இது ஒரு நல்ல வழி."

"வேணாமே டாக்டரம்மா."

"பயப்படாதீங்க. நம்ம பிள்ளைங்கதானே."

வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வாள்? இது என் பிள்ளை குரல் இல்லை என்றா?

தெர்லிஸ் அன்று கால்சட்டை நனைந்து, உடம்பு கொதிக்க வீடு வந்து சேர்ந்தான். சாயங்காலம் மிர்தா பஸ்ஸிலிருந்தே பேச்சைப் பதிந்து போனில் அனுப்பியிருந்தாள். பின்னணியில் பஸ் இரைந்தது. "சுனில்டா, நீங்க பார்த்திருக்கணும். உள்ள வரட்டுமாம்மான்னு கேக்கறான்ல, அந்த இடம் வந்ததும் வகுப்பே சேர்ந்து கத்துச்சு, வா வா, உள்ள வான்னு. யாரும் சொல்லித் தரலை. தானா வந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

சுனில்டா அதை ஒருமுறைதான் கேட்டாள். வா வா, உள்ள வா. நம் ஊர்ப் பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? வாசலில் ஒருவன் உள்ளே வரட்டுமா என்று கேட்டால் இதைத்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம்?

மறுநாள் அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் விடவில்லை. மெஷினுக்கு அடியில், அவள் காலடியில், ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு படுத்தான். வேறெங்கும் படுக்க மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் காலைத் தூக்கித் தூக்கி அவனை இடிக்காமல் மிதித்தாள். முற்பகலில் துணி எடுக்கப் பின்முற்றத்துக்குப் போனாள். முந்தின சாயங்காலம் துவைத்து மாட்டிய பள்ளி மேலங்கி, அந்த வெள்ளை அங்கி, கொடியில் இல்லை. கவ்விகள் மட்டும் வரிசையாக இருந்தன. காற்று இல்லை. கீழேயும் விழவில்லை.

உள்ளே வந்தபோது போன் மின்னிக்கொண்டிருந்தது. வகுப்பு டீச்சர் எழுதியிருந்தாள். 'தெர்லிஸ் இன்று ஒரு புதுப் பிள்ளை! காலையிலிருந்து பேச்சுத்தான். எல்லோருக்கும் கதை சொன்னான். வாழ்த்துகள் அம்மா.'

சுனில்டா மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தெர்லிஸ் இருந்தான். தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தான். எழுந்து முன்கதவைத் தாழிட்டாள். பின்கதவைத் தாழிட்டாள். ஜன்னலை அழுத்திச் சாத்தினாள். முன்கதவின் தாழ்ப்பாள் பெயருக்குத்தான், வெளியிலிருந்து விரலை விட்டுத் தூக்கிவிடலாம். ஊரில் எல்லா வீட்டுத் தாழ்ப்பாளும் அப்படித்தான். இதுவரை யாருக்கும் அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மெஷினில் உட்கார்ந்து நூல் கோத்தாள்.

பள்ளி விட்டது. தெருவில் பிள்ளைகளின் சத்தம் வந்து, தேய்ந்து, ஓய்ந்தது. ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தினார்கள். கூரை டொக் டொக்கென்றது. மாம்பழ வாடை.

கேட்டில் கைதட்டல். சின்னக் கைகள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு.

"அம்மா. வந்துட்டேன். உள்ள வரட்டுமா?"

இந்தத் தடவை நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மெஷினுக்கு அடியில் தெர்லிஸ் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

தட்டு. தட்டு.

"அம்மா, வெயில் சுடுது."

எதிர்வீட்டில் நாற்காலி நகர்ந்தது. பிளாசிதாவின் செருப்புச் சத்தம் தெருவுக்கு வந்தது. வயதானவள், மதியம் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

"ஏன்டி சுனில்டா, காது அடைச்சுப் போச்சா? பிள்ளை வெயில்ல நிக்கிறான்."

போக்கா, உள்ளே போ. கதவைச் சாத்திக்கோ. கத்த வேண்டும் என்றுதான் சுனில்டா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டையில் யாரோ துணியை அடைத்தது போல இருந்தது. மகன் இத்தனை காலம் இப்படித்தான் இருந்திருப்பான் என்று அப்போது தெரிந்தது.

வெளியே அந்தக் குரல் சொன்னது, நிதானமாக, பணிவாக. "ஆசீர்வாதம் குடுங்க ஞானம்மா."

பிறகு பிளாசிதா அழுகிற சத்தம் கேட்டது.

"கடவுள் உன்னைப் புண்ணியவானாக்கட்டும் என் ராசா. என் தங்கமே. இதைக் கேக்கத்தான்டா உசுரோட இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இதுக்கென்னடா கேட்டுக்கிட்டு நிக்கிறே? உன் வீடுதானே. போ. நான் சொல்றேன்ல, உள்ள போ."

கேட்டின் கொக்கி தூக்கப்படும் சத்தம்.

கணுக்காலைப் பிடித்திருந்த கை விட்டது. தெர்லிஸ் மெஷினுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, முழங்காலில் நின்று, தெருப்பக்கம் பார்த்து வாயைத் திறந்தான்.

"ஞானம்மா, நான் இங்க இருக்கேன்."

கரகரத்த குரல். உபயோகிக்காமல் கிடந்து துருவேறிய குரல். பல் இடுக்கில் காற்று ஓடியது. அவள் பெற்ற பிள்ளையின் குரல், நாலு வயதிலிருந்து வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. அவள் கேட்டதே இல்லை. பாவம், அந்த ஒரு நொடி சுனில்டாவுக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது.

முற்றத்தில் காலடி நின்றது. கேட்டுக்கொண்டு நின்றது.

பிறகு முன்கதவின் தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. நடைவழியில், வீட்டுக்குள், கரகரத்த குரல் ஒன்று, பல் இடுக்கில் காற்று ஓட, சொல்லிப் பார்த்தது.

"நான் இங்க இருக்கேன்."

தெர்லிஸின் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. உதடுகள் அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லின. சத்தம் இல்லை. மூச்சுக் காற்று கூட இல்லை. அவன் தொண்டையைத் தடவிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

தெருவில் பிளாசிதா கதவு கதவாகத் தட்டிப் பேசிக்கொண்டு போனாள், பிள்ளை வாய் திறந்துட்டான், வந்து பாருங்க என்று.

நடைவழிக்கும் இந்த அறைக்கும் நடுவில் தொங்கிய திரை விலகியது. முதலில் தெரிந்தது வெள்ளை அங்கியின் கை. அதன் ஓரத்தில் போன மாதம் சுனில்டா பிரித்து நீளம் விட்ட மடிப்பு, அவளுடைய தையல். அவள் கால் மிதியில் மிதித்துக்கொண்டே இருந்தது. நூல் அறுந்து எவ்வளவு நேரமாயிற்றோ, ஊசி வெறும் துணியைக் குத்திக்கொண்டிருந்தது. அவள் முழங்காலின் மேல் மகனின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.